எத்திலீன் எப்படி பாலிஎத்திலீன் ஆகிறது? ஆல்கீன் பாலிமர்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பள்ளிப் புத்தகத்தில் ஒரு வரிச் சமன்பாட்டோடு முடிந்துவிடும் வினை இது. இடது பக்கம் எத்திலீன், வலது பக்கம் அடைப்புக்குறிக்குள் ஒரு துண்டு, அதன் ஓரத்தில் சின்னதாக ஒரு ‘என்’ (n), அந்தத் துண்டு எத்தனை முறை வருகிறது என்று சொல்லும் எண். நடுவில் இருக்கும் அம்புக்குறிக்குள் என்ன நடக்கிறது என்பதைத்தான் எல்லாரும் கேட்கிறார்கள், அதனால் இங்கேயும் அதற்குத்தான் அதிக இடம் கொடுத்திருக்கிறேன். பாலிமர், மோனோமர் என்றே எழுதியிருக்கிறேன். பாடப்புத்தகத்தில் பலபடி, ஒற்றைப்படி என்று படித்திருப்பீர்கள், அவையேதான் இவை: சின்ன மூலக்கூறு மோனோமர், அவை கோத்த நீளச் சங்கிலி பாலிமர். ஆல்கீன் என்றால் எத்திலீன் மாதிரி கார்பன்–கார்பன் இரட்டைப் பிணைப்பு உள்ள சேர்மம்.

எத்திலீன் ஒரு வாயு. அதே அணுக்கள் எப்படி கெட்டியான பிளாஸ்டிக்காக மாறுகின்றன?

நீளம்தான் காரணம். எத்திலீன் மூலக்கூறில் இரண்டு கார்பன், நான்கு ஹைட்ரஜன், அவ்வளவுதான். பக்கத்து மூலக்கூறின் மேல் அதற்கு இருக்கும் ஈர்ப்பு மிகக் குறைவு, அதனால் மைனஸ் 104 டிகிரி செல்சியஸிலேயே கொதித்து வாயுவாகிவிடும். இதையே ஆயிரக்கணக்கில் ஒன்றோடொன்று பிணைத்து ஒரே சங்கிலியாக்கினால் ஒவ்வொரு துண்டுக்கும் இருந்த அந்தச் சின்ன ஈர்ப்பு சங்கிலி முழுக்கச் சேர்ந்துகொள்கிறது, தவிர சங்கிலிகள் ஒன்றுக்குள் ஒன்று சிக்கிக்கொள்ளவும் செய்கின்றன. புதுவகை விசை எதுவும் வந்து சேரவில்லை, பழைய விசையே ஆயிரம் மடங்காகிறது.

இது இன்று சுலபமாகப் படுகிறது. ஆனால் 1920-இல் ஹெர்மன் ஸ்டாடிங்கர் ‘இவை சாதாரண வேதிப்பிணைப்புகளால் ஆன மிக நீளமான மூலக்கூறுகள்’ என்று சொன்னபோது பல வேதியியலாளர்கள் ஏற்கவில்லை. சின்ன மூலக்கூறுகள் கூட்டமாக ஒட்டிக்கொண்டிருக்கின்றன என்றே அப்போது நம்பினார்கள். அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது 1953-இல்.

இரட்டைப் பிணைப்பு உடைகிறது என்கிறார்கள். முழுதாக உடைகிறதா?

இல்லை, பாதிதான். கார்பன்–கார்பன் இரட்டைப் பிணைப்பில் இரண்டு அணுக்களுக்கும் நேர் நடுவில் அமையும் ஒரு சிக்மா பிணைப்பும், அதற்கு மேலும் கீழும் பரவிய, அதைவிடப் பலவீனமான ஒரு பை பிணைப்பும் இருக்கின்றன. சிக்மா அப்படியே இருக்கும், பை மட்டும்தான் போகும். அந்த பை பிணைப்பில் இருந்த இரண்டு எலக்ட்ரான்களில் ஒன்று இந்தப் பக்கத்துத் துண்டோடும் மற்றொன்று அந்தப் பக்கத்துத் துண்டோடும் புதிய சிக்மா பிணைப்பு போடப் பயன்படுகிறது.

கணக்கு பார்த்தால் விஷயம் இன்னும் தெளிவாகும். இரட்டைப் பிணைப்பின் ஆற்றல் மோலுக்குச் சுமார் 611 கிலோஜூல், ஒற்றைப் பிணைப்பு சுமார் 347. அதாவது பை பிணைப்பின் பங்கு சுமார் 264தான். சங்கிலியில் ஒரு துண்டு சேரும்போது ஒரு பை பிணைப்பை இழந்து ஒரு சிக்மா பிணைப்பைப் பெறுகிறோம்: 264 கொடுத்து 347 வாங்குகிறோம். மிச்சம் வெப்பமாக வெளியே வருகிறது. இந்தத் தோராயக் கணக்கில் 80 சொச்சம் வருகிறது, எத்திலீனுக்கு அளந்து பார்த்த மதிப்பு சுமார் 95 கிலோஜூல். ஆல்கீன்கள் பாலிமர் ஆவதற்கான அடிப்படைக் காரணம் இந்த லாபம்தான்.

அப்படி லாபம் இருந்தால் சிலிண்டரில் இருக்கும் எத்திலீன் ஏன் தானாகவே பிளாஸ்டிக் ஆகிவிடுவதில்லை?

லாபம் இருப்பது வேறு, அதற்கு வழி இருப்பது வேறு. இரண்டு எத்திலீன் மூலக்கூறுகள் மோதினால் இரண்டின் பை எலக்ட்ரான்களும் ஏற்கெனவே ஜோடியாக நிம்மதியாக இருக்கின்றன, யாரும் யாரையும் தொந்தரவு செய்வதில்லை. ஒரு ஜோடியைக் கலைக்க வெளியிலிருந்து ஒரு ஆள் வர வேண்டும். அது இணையில்லாத எலக்ட்ரான் கொண்ட ரேடிக்கலாக இருக்கலாம், எதிர்மின் அயனியாகவோ நேர்மின் அயனியாகவோ இருக்கலாம், ஒரு உலோக அணுவாகவும் இருக்கலாம். இந்த ஆள் யார் என்பதைப் பொறுத்து கிடைக்கும் பொருளே மாறிவிடும், அதைக் கீழே பார்க்கலாம்.

எல்லா ஆல்கீனும் எத்திலீன் அளவுக்குச் சாதுவும் இல்லை. ஸ்டைரீனைச் சும்மா வைத்திருந்தாலே மெல்ல மெல்ல கெட்டியாகும், சூடாக்கினால் இன்னும் வேகமாக. 1839-இல் எட்வர்ட் சைமன் என்ற மருந்தாளர் ஒரு மரப் பிசினிலிருந்து எடுத்த ஸ்டைரீன் அப்படித்தான் கெட்டியாகிப் போனது. அது காற்றோடு சேர்ந்து உருவான ஆக்சைடு என்று அவர் நினைத்துக்கொண்டார்.

ரேடிக்கல் முறையில் படிப்படியாக என்னதான் நடக்கிறது?

முதலில் துவக்கி. சூடாக்கினால் எளிதில் இரண்டாகப் பிளந்துபோகும் ஒரு சேர்மம், உதாரணமாக பென்சாயில் பெராக்சைடு. அதில் இருக்கும் ஆக்சிஜன்–ஆக்சிஜன் பிணைப்பு பலவீனமானது, 70–90 டிகிரியிலேயே பிளக்கத் தொடங்கிவிடும். பிளக்கும்போது ஆளுக்கு ஒரு எலக்ட்ரான் எடுத்துக்கொண்டு இரண்டு ரேடிக்கல்கள் உருவாகின்றன.

அந்த ரேடிக்கல் ஒரு ஆல்கீனைச் சந்திக்கிறது. பை பிணைப்பிலிருந்து ஒரு எலக்ட்ரானை எடுத்து ஒரு கார்பனோடு பிணைப்பு போட்டுக்கொள்கிறது. பை பிணைப்பின் இன்னொரு எலக்ட்ரான்? அது மறுபக்கக் கார்பனில் தனியாக நிற்கிறது. அதாவது இப்போது அந்தக் கார்பன்தான் ரேடிக்கல். இந்த இடத்தைத்தான் நன்றாகப் பிடித்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் மொத்த வினையின் ரகசியமும் இதில்தான் இருக்கிறது: ஒரு ரேடிக்கல் வினைபுரிந்து தீர்ந்துபோகாமல் இன்னொரு ரேடிக்கலை விட்டுவிட்டுப் போகிறது, அந்த இன்னொன்று அடுத்த ஆல்கீனைப் பிடிக்கிறது, மறுபடி அதே கதை, ஒவ்வொரு முறையும் சங்கிலி இரண்டு கார்பன் நீள்கிறது, நுனியில் எப்போதும் ஒரு தனி எலக்ட்ரான் இருக்கிறது.

வினைக் கலவையில் ஒரே நேரத்தில் உயிரோடு இருக்கும் ரேடிக்கல் நுனிகள் மிகமிகக் குறைவு. லிட்டருக்குப் பத்து கோடியில் ஒரு பங்கு மோல் என்ற அளவில்தான் இருக்கும். ஒரு தனிச் சங்கிலி பிறந்து, வளர்ந்து, நிற்பதற்குப் பெரும்பாலும் ஒரு சில வினாடிகள்தான் ஆகும். அதனால் வினை பாதி முடிந்த நிலையில் கலவையை எடுத்துப் பார்த்தால் பாதி வளர்ந்த சங்கிலிகள் கிடைக்காது, முழுதாக வளர்ந்து நின்றுபோன நீளச் சங்கிலிகளும் தொடாத மோனோமரும்தான் கிடைக்கும். எல்லா மூலக்கூறுகளும் சேர்ந்து மெதுவாக நீள்கின்றன என்று பலர் மனதில் ஒரு படம் வைத்திருக்கிறார்கள், அந்தப் படம் நைலானுக்குச் சரி, இதற்குத் தவறு.

சங்கிலி எப்போது நிற்கும்? மோனோமர் தீரும் வரை போகுமா?

பொதுவாக அதற்கு முன்பே நின்றுவிடும். இரண்டு ரேடிக்கல் நுனிகள் சந்தித்தால் இரண்டு எலக்ட்ரான்களும் ஜோடி சேர்ந்து இரண்டு சங்கிலியும் ஒன்றாகிவிடும். அல்லது ஒரு நுனி மற்றதிடமிருந்து ஒரு ஹைட்ரஜனைப் பறித்துக்கொள்ளும், பறிகொடுத்த சங்கிலியின் நுனியில் ஒரு இரட்டைப் பிணைப்பு வந்துவிடும், இரண்டும் செத்துப்போகும். ஸ்டைரீனில் பெரும்பாலும் முதல் வகை, மெத்தில் மெத்தாக்ரிலேட்டில் இரண்டாவது வகைக்குப் பங்கு அதிகம்.

மூன்றாவதாக ஒன்று உண்டு, தொழிற்சாலைக்காரர்களுக்கு மிகவும் பிடித்தது. சங்கிலி நுனி கரைப்பானிடமிருந்தோ வேண்டுமென்றே சேர்த்த ஒரு சேர்மத்திடமிருந்தோ ஹைட்ரஜனை எடுத்துக்கொண்டு தான் நின்றுவிடும், ஹைட்ரஜனைக் கொடுத்தது ரேடிக்கலாகி ஒரு புதுச் சங்கிலியைத் தொடங்கும். பெயர் சங்கிலி மாற்றம். வினையின் வேகம் பெரிதாகக் குறையாது, சங்கிலிகளின் நீளம் மட்டும் குறையும். நீளத்தைக் கட்டுப்படுத்த இதைவிட வசதியான வழி கிடையாது.

சமன்பாட்டில் வரும் ‘என்’ எவ்வளவு?

ஒரே எண்ணாக இருக்காது, சராசரிதான். மேலே சொன்னபடி சங்கிலி நிற்பது தற்செயலாக நடப்பதால் ஒரே துண்டு பிளாஸ்டிக்கில் குட்டைச் சங்கிலிகளும் நெட்டைச் சங்கிலிகளும் கலந்தே இருக்கும்.

அளவு புரிய ஒரு கணக்கு: எத்திலீன் துண்டின் நிறை 28. சங்கிலியின் மூலக்கூறு நிறை 2,80,000 என்றால் ‘என்’ 10,000. அதை இழுத்து நேராகப் பிடித்தால் நீளம் சுமார் 2.5 மைக்ரோமீட்டர் வரும். மூட்டு மாற்று அறுவைக்குப் பயன்படும் அதிஉயர் மூலக்கூறு நிறை பாலிஎத்திலீனில் நிறை பல பத்து லட்சம், அதாவது ‘என்’ ஒரு லட்சத்தைத் தாண்டும்.

ஒரே எத்திலீனிலிருந்து மெல்லிய வளையும் உறையும் வருகிறது, விறைப்பான குழாயும் வருகிறது. எப்படி?

எனக்கு இந்தப் பாடத்திலேயே மிகவும் பிடித்த கேள்வி இதுதான். மோனோமர் ஒன்று, சூத்திரமும் ஏறக்குறைய ஒன்று, ஆனால் சங்கிலி வளர்ந்த விதம் வேறு.

உயர் அழுத்த ரேடிக்கல் முறையில் சங்கிலி நுனி சும்மா நேராகப் போய்க்கொண்டே இருப்பதில்லை. சில சமயம் அது பின்னால் வளைந்து, தன் சங்கிலியிலேயே நான்கைந்து கார்பன் தள்ளி இருக்கும் ஒரு ஹைட்ரஜனைப் பிடுங்கிக்கொள்கிறது. வளையும்போது ஆறு அணுக்கள் கொண்ட வளையம் போல ஒரு நிலை அமைகிறது, அது வசதியான நிலை, அதனால்தான் அந்தத் தூரம். ஹைட்ரஜனை இழந்த கார்பன் இப்போது ரேடிக்கல், வளர்ச்சி அங்கிருந்து தொடர்கிறது, பழைய நுனி நான்கு கார்பன் நீளக் கிளையாகப் பக்கத்தில் தொங்கிக்கொண்டு நின்றுவிடுகிறது. வேறொரு சங்கிலியிலிருந்து ஹைட்ரஜனைப் பிடுங்கினால் கிளையும் நீளமாக வளரும்.

கிளைகள் இருந்தால் சங்கிலிகள் நெருக்கமாக அடுக்கிக்கொள்ள முடியாது. படிகப் பகுதி குறையும், அடர்த்தி குறையும், உருகுநிலை இறங்கும், பொருள் வளையும். குறை அடர்த்தி பாலிஎத்திலீன் இதுதான்: கன சென்டிமீட்டருக்குச் சுமார் 0.91–0.93 கிராம், 110 டிகிரிக்குப் பக்கத்தில் உருகும். கிளையே இல்லாமல் நேராக வளர்த்தால் 0.94–0.97 கிராம், 130 டிகிரிக்குப் பக்கம், விறைப்பு அதிகம்.

இரண்டுக்கும் நடுவே இன்னொன்றும் உண்டு. நேராக வளரும் முறையிலேயே எத்திலீனோடு பியூட்டீன், ஹெக்சீன், ஆக்டீன் மாதிரி சற்றுப் பெரிய ஆல்கீன் ஒன்றைக் கொஞ்சம் கலந்துவிட்டால் அவற்றின் வால்கள் குட்டிக் கிளைகளாக நிற்கும். கிளை எவ்வளவு, எந்த நீளம் என்று நாமே தீர்மானிக்கலாம். மெல்லிய, எளிதில் கிழியாத படலங்கள் பெரும்பாலும் இந்த வகைதான்.

பாலிஎத்திலீன் தற்செயலாகக் கண்டுபிடிக்கப்பட்டது என்பது உண்மையா?

உண்மை, அதுவும் ஒரு தடவை இல்லை. 1898-இல் ஹான்ஸ் ஃபான் பெக்மான் டையசோமீத்தேனோடு வேலை செய்தபோது வெள்ளையாக ஏதோ படிந்தது, அமைப்பில் அது பாலிஎத்திலீனேதான், ஆனால் எத்திலீனிலிருந்து வரவில்லை, அதோடு மறந்தும் போனார்கள்.

எத்திலீனிலிருந்து வந்த கதை 1933 மார்ச்சில். இங்கிலாந்தின் நார்த்விச்சில் ஐசிஐ நிறுவன ஆய்வகத்தில் எரிக் ஃபாசெட், ரெஜினால்ட் கிப்சன் இருவரும் எத்திலீனையும் பென்சால்டிஹைடையும் வினைபுரியச் செய்யப் பார்த்தார்கள். 170 டிகிரி, ஏறத்தாழ 2,000 வளிமண்டல அழுத்தம். எதிர்பார்த்தது வரவில்லை, கலத்தின் ஓரத்தில் மெழுகு மாதிரி கொஞ்சம் வெள்ளைப் பொருள் இருந்தது. திரும்பச் செய்தால் சில சமயம் ஒன்றும் வராது, சில சமயம் வெடிக்கும். 1935 டிசம்பரில் மைக்கேல் பெரின் குழு மறுபடி முயன்றபோது கருவியில் கசிவு இருந்ததால் நடுவில் புது எத்திலீனை ஏற்ற வேண்டியதாயிற்று, அதில் கலந்திருந்த துளி ஆக்சிஜன்தான் சரியான அளவில் துவக்கியாக வேலை செய்தது. காரணம் பிடிபட்டதும் முறை கைக்கு வந்துவிட்டது. 1939-இல் உற்பத்தி தொடங்கியது. போரில் ரேடார் கேபிள்களுக்கு மின்காப்பாக உடனே போனது.

ஆக்சிஜன் துவக்கி என்கிறீர்கள். வேறு இடத்தில் ஆக்சிஜன் பாலிமர் ஆவதைத் தடுக்கும் என்று படித்தேனே?

இரண்டும் சரி, வெப்பநிலைதான் வித்தியாசம். ஆக்சிஜன் மூலக்கூறிலேயே இரண்டு இணையில்லாத எலக்ட்ரான்கள் இருக்கின்றன, அதனால் கார்பன் ரேடிக்கலைக் கண்டதும் ஒட்டிக்கொள்ளும். உருவாகும் பெராக்சி ரேடிக்கல் மந்தமானது, அடுத்த ஆல்கீனை அவ்வளவு சுலபத்தில் பிடிக்காது, சங்கிலி தூங்கிவிடும். மிதமான வெப்பநிலையில் இது தடை. ஆனால் 200 டிகிரிக்குப் பக்கத்தில் அந்தப் பெராக்சைடுகளே பிளந்து புது ரேடிக்கல்களைக் கொடுக்கும்.

இதில் நடைமுறையில் தெரிந்திருக்க வேண்டிய ஒன்று. அக்ரிலிக் அமிலம், அக்ரிலேட்டுகள் போன்றவற்றில் தானாக உறைந்துபோகாமல் இருக்கச் சேர்க்கும் பீனால் வகைத் தடுப்பான்கள் கரைந்த ஆக்சிஜன் இருந்தால்தான் ஒழுங்காக வேலை செய்யும். ‘பாதுகாப்புக்கு’ என்று நைட்ரஜனை ஊதி ஆக்சிஜனை விரட்டினால் ஆபத்தை நாமே வரவழைத்த மாதிரி ஆகும். அக்ரிலிக் அமிலம் 13 டிகிரியில் உறையும், உறையும்போது தடுப்பான் படிகத்தில் சேராமல் திரவத்தோடு ஒதுங்கிவிடும், அதனால் உறைந்ததை ஒரு பக்கமாகச் சூடுகாட்டி உருக்குவது விபத்துக்கு வழி.

அதே ரேடிக்கல் முறையில் புரோப்பிலீனைப் பாலிமர் ஆக்க முடியாதா?

முடியாது, உருப்படியாக வராது. புரோப்பிலீனில் இரட்டைப் பிணைப்புக்குப் பக்கத்தில் ஒரு மெத்தில் தொகுதி இருக்கிறது. ரேடிக்கல் நுனி இரட்டைப் பிணைப்பைப் பிடிப்பதற்குப் பதிலாக அந்த மெத்திலிலிருந்து ஒரு ஹைட்ரஜனைப் பறித்துவிடும், ஏனென்றால் அப்படிப் பறித்தால் கிடைக்கும் அல்லைல் ரேடிக்கலில் தனி எலக்ட்ரான் மூன்று கார்பன்களில் பரவி நிலையாக உட்கார்ந்துகொள்கிறது. அவ்வளவு சொகுசாக இருக்கும் ரேடிக்கல் அடுத்த மோனோமரைத் தேடிப் போகாது. கடைசியில் எண்ணெய் மாதிரி குட்டைச் சங்கிலிகள்தான் மிஞ்சும். அதனால்தான் பாலிபுரோப்பிலீன் 1950கள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

சீக்ளர்–நட்டா வினையூக்கி என்ன செய்கிறது?

1953-இல் ஜெர்மனியின் மூல்ஹைமில் கார்ல் சீக்ளர் அலுமினியம் ஆல்கைல்களில், அதாவது அலுமினியத்தோடு கார்பன் சங்கிலி பிணைந்த சேர்மங்களில், எத்திலீனை நுழைத்து நீட்டிக்கொண்டிருந்தார். ஒரு தடவை சங்கிலி நீளாமல் பியூட்டீனோடு நின்றுவிட்டது. துருவிப் பார்த்ததில் கலத்தில் ஒட்டியிருந்த நிக்கல் துளிகள்தான் காரணம். ஒரு உலோகம் இப்படி மாற்றுகிறது என்றால் மற்றவை என்ன செய்யும் என்று வரிசையாகச் சோதித்தார்கள், சிர்கோனியம் நீளச் சங்கிலி கொடுத்தது, டைட்டானியம் டெட்ராகுளோரைடு அதைவிட வேகமாக. சாதாரண அழுத்தத்திலேயே, கிளையில்லாத நேரான பாலிஎத்திலீன். இதற்குச் சற்று முன், 1951-இலேயே, அமெரிக்காவின் பிலிப்ஸ் பெட்ரோலியத்தில் ஹோகனும் பேங்க்ஸும் குரோமியம் ஆக்சைடு வினையூக்கியைக் கண்டுபிடித்திருந்தார்கள், உயர் அடர்த்தி பாலிஎத்திலீனில் அதுவும் இன்றுவரை ஓடிக்கொண்டிருக்கிறது.

வேலை செய்யும் விதம்: டைட்டானியத்தில் ஒரு பக்கம் சங்கிலி கட்டியிருக்கிறது, இன்னொரு பக்கம் ஒரு இடம் காலி. ஆல்கீன் வந்து தன் பை எலக்ட்ரான்களால் அந்தக் காலியிடத்தில் ஒட்டிக்கொள்கிறது. அடுத்து அது டைட்டானியத்துக்கும் சங்கிலிக்கும் நடுவில் நுழைகிறது. ரேடிக்கல் முறையில் சங்கிலி வெளி நுனியில் வளரும், இங்கே உலோகத்தோடு ஒட்டிய வேரிலிருந்து வளரும். நுனியில் தனி எலக்ட்ரான் இல்லாததால் பின்னால் வளைந்து ஹைட்ரஜனைப் பிடுங்கும் வேலையும் இல்லை, மெத்தில் ஹைட்ரஜனைப் பறிக்கும் வேலையும் இல்லை. மேலே பார்த்த கிளைத் தொல்லை, புரோப்பிலீன் தொல்லை இரண்டும் ஒரேயடியாகத் தீர்ந்துவிட்டன.

அடுத்த வருடம் இத்தாலியில் கியூலியோ நட்டா இதை வைத்துப் படிகத்தன்மை உள்ள பாலிபுரோப்பிலீனைச் செய்தார். இருவருக்கும் 1963-இல் நோபல்.

ஐசோடாக்டிக், அடாக்டிக் என்பதெல்லாம் என்ன? மனப்பாடம் செய்யத்தானா?

இல்லை, கையில் தொட்டே உணரக்கூடிய வித்தியாசம். புரோப்பிலீன் சேரும்போது ஒவ்வொரு இரண்டாவது கார்பனிலும் ஒரு மெத்தில் தொங்கும். எல்லா மெத்திலும் ஒரே பக்கம் இருந்தால் ஐசோடாக்டிக், மாறி மாறி இருந்தால் சிண்டியோடாக்டிக், கண்டபடி இருந்தால் அடாக்டிக். ஒழுங்காக இருந்தால் சங்கிலி சுருளாகச் சுற்றி அழகாக அடுக்கிக்கொள்ளும்: 160 டிகிரிக்கு மேல்தான் உருகும் உறுதியான பிளாஸ்டிக். ஒழுங்கில்லாமல் இருந்தால் பிசுபிசுவென்று ஒட்டும் பொருள். அணுக்களும் பிணைப்புகளும் அதேதான்! டைட்டானியத்தைச் சுற்றியிருக்கும் இட நெருக்கடிதான் மெத்தில் எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று முடிவு செய்கிறது.

அயனி முறைகள் எப்போது வரும்?

ஆல்கீனில் என்ன தொகுதி ஒட்டியிருக்கிறது என்று பாருங்கள். எலக்ட்ரானைத் தள்ளிக் கொடுக்கும் தொகுதிகள் இருந்தால் நேர்மின் கார்பனை அவை தாங்கும், அதனால் நேர்மின் அயனி வழி. ஐசோபியூட்டிலீன் இதற்குச் சரியான உதாரணம், சுமார் மைனஸ் 100 டிகிரியில் அலுமினியம் குளோரைடு மாதிரி ஒரு லூயி அமிலத்தோடு (எலக்ட்ரான் ஜோடியை ஏற்றுக்கொள்ளும் சேர்மம்) வெடுக்கென்று வினைபுரியும். ஏன் அவ்வளவு குளிர் என்றால், சூடு கூடினால் சங்கிலி நுனி ஒரு புரோட்டானை உதறிவிட்டு நின்றுவிடும், நீளம் வராது. இதில் கொஞ்சம் ஐசோப்ரீன் சேர்த்தால் பியூட்டைல் ரப்பர், காற்றை எளிதில் விடாது, டயர் டியூபுகளுக்கு ஏற்றது.

எலக்ட்ரானை இழுக்கும் தொகுதிகள் இருந்தால் எதிர்மின் அயனி வழி. உடனே ஒட்டும் பசையில் இருக்கும் சயனோஅக்ரிலேட்டில் அப்படி இரண்டு தொகுதிகள் ஒரே கார்பனில் இருக்கின்றன, காற்றின் ஈரமே அதற்குத் துவக்கியாகப் போதும். 1956-இல் மைக்கேல் ஸ்வார்க் காட்டியது இன்னும் சுவாரசியம்: ஈரமும் ஆக்சிஜனும் துளிகூட இல்லையென்றால் எதிர்மின் நுனிகள் சாவதே இல்லை. இரண்டு எதிர்மின் நுனிகள் ஒன்றையொன்று தள்ளுமே தவிர ஜோடி சேராது. மோனோமர் தீர்ந்ததும் காத்திருக்கும், வேறு மோனோமரை ஊற்றினால் அங்கிருந்து தொடரும். ஒரே சங்கிலியில் ஒரு பகுதி ஸ்டைரீன், அடுத்த பகுதி பியூட்டாடையீன் என்று நினைத்தபடி கட்டலாம்.

எந்த ஆல்கீனாக இருந்தாலும் பாலிமர் ஆகுமா?

ஆகாது. ஒரு முனைக் கார்பனில் இரண்டு ஹைட்ரஜனும் அப்படியே இருந்தால் நல்லது, சங்கிலி நுனி நெருங்க இடம் கிடைக்கும். வினைல் குளோரைடு, ஸ்டைரீன், மெத்தில் மெத்தாக்ரிலேட் எல்லாம் அப்படித்தான். இரண்டு கார்பனிலும் பெரிய தொகுதிகள் இருந்தால் நெருக்கடியில் வினை திணறும். டெட்ராஃபுளூரோஎத்திலீன் ஒரு விதிவிலக்கு, நான்கு புளூரின் இருந்தும் அவை சின்னவை என்பதால் தடையில்லை. 1938-இல் ராய் பிளங்கெட் ஒரு சிலிண்டரைத் திறந்தபோது வாயு வரவில்லை, எடையோ குறையவில்லை, அறுத்துப் பார்த்தால் உள்ளே வெள்ளைத் தூள். அதுதான் டெஃப்லான்.

இரண்டு இரட்டைப் பிணைப்பு இருந்தால்?

பியூட்டாடையீன், ஐசோப்ரீன் போன்றவற்றில் புது நுனி பெரும்பாலும் நான்காவது கார்பனில் அமையும், நடுவில் ஒரு இரட்டைப் பிணைப்பு புதிதாக வந்துவிடும். சங்கிலியில் இரட்டைப் பிணைப்பு மிச்சம் இருப்பதால்தான் கந்தகம் சேர்த்து ரப்பரைக் குறுக்காகப் பிணைக்க முடிகிறது.

வினையின்போது வெப்பம் அதிகம் வரும் என்கிறார்களே, எவ்வளவு?

மேலே சொன்ன 95 கிலோஜூலை 28 கிராமால் வகுத்தால் ஒரு கிலோ எத்திலீனுக்குச் சுமார் 3.4 மெகாஜூல். ஒரு கிலோ தண்ணீரை ஆவியாக்கவே 2.26 மெகாஜூல்தான் வேண்டும் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். உயர் அழுத்த ஆலைகளில் ஒரு கிலோமீட்டருக்கு மேல் நீளமான குழாயில் வினை நடப்பதும், ஒரு சுற்றில் எத்திலீனில் ஒரு பகுதி மட்டுமே பாலிமராக மாறும்படி வைத்துக்கொள்வதும் இந்த வெப்பத்தைச் சமாளிக்கத்தான். கட்டுப்பாடு போனால் எத்திலீன் சிதைந்து கரி, மீத்தேன், ஹைட்ரஜன் என்று வெடிக்கும்.

கரைப்பான் இல்லாமல் செய்யும்போது இன்னொரு பொறி இருக்கிறது. கலவை கெட்டியாக ஆக நீளச் சங்கிலி நுனிகளால் நகர முடியாது, அதனால் ஒன்றையொன்று சந்தித்து நிற்கவும் முடியாது, ஆனால் சின்ன மோனோமர் மட்டும் நகர்ந்து வந்து சேர்ந்துகொண்டே இருக்கும். ரேடிக்கல்கள் பெருகும், வேகம் கூடும், வெப்பம் கூடும், வேகம் இன்னும் கூடும். மெத்தில் மெத்தாக்ரிலேட்டை வார்ப்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும்.

நைலான், பாலியெஸ்டர் எல்லாம் இதே வகையா?

வேறு வகை. அவற்றில் ஒவ்வொரு இணைப்பிலும் பெரும்பாலும் ஒரு நீர் மூலக்கூறு வெளியேறும். இங்கே எதுவும் வெளியேறாது, மோனோமரில் இருந்த அணு அத்தனையும் சங்கிலியில் இருக்கும்.

பாலிஎத்திலீன் என்ற பெயரில் ஈன் இருக்கிறது. அது புரோமின் நீரை நிறமிழக்கச் செய்யுமா?

செய்யாது. ‘ஈன்’ என்ற முடிவு இரட்டைப் பிணைப்பைக் குறிக்கும், புரோமின் நீரை நிறமிழக்கச் செய்வதும் அந்தப் பிணைப்புதான். ஆனால் பெயர் மோனோமரிலிருந்து வந்தது, சங்கிலியில் இருப்பது ஒற்றைப் பிணைப்புகள். அமைப்பில் அது ஒரு மிக நீளமான ஆல்கேன், அதனால்தான் அமிலம், காரம், நுண்ணுயிர் எதுவும் அதைச் சுலபத்தில் தொடுவதில்லை. தேர்வில் பலர் அடைப்புக்குறிக்குள் வரும் மீள்துண்டில் இரட்டைப் பிணைப்பை அப்படியே வரைந்துவிட்டு மதிப்பெண் இழக்கிறார்கள். ஒற்றைக் கோடு போடுங்கள், இரண்டு பக்கமும் பிணைப்புக் கோடு அடைப்புக்குறியைத் தாண்டி வெளியே வரட்டும், பக்கத் தொகுதி இருந்தால் அதை மேலே அல்லது கீழே தொங்கவிடுங்கள்.

பாலிமரை மறுபடி மோனோமராக மாற்ற முடியுமா?

சிலவற்றை முடியும். சங்கிலியாகச் சேரும்போது வெப்பம் வெளியாவது லாபம், ஆயிரம் மூலக்கூறுகள் ஒன்றாகிச் சுதந்திரம் இழப்பது நஷ்டம். வெப்பநிலை ஏற ஏற நஷ்டத்தின் எடை கூடும், ஒரு கட்டத்துக்கு மேல் வினையே திரும்பிவிடும். அதை உச்சவரம்பு வெப்பநிலை என்பார்கள். ஆல்ஃபா மெத்தில் ஸ்டைரீனுக்கு இது 60 டிகிரி சொச்சம்தான், அதற்கு மேல் சுத்த மோனோமரை எவ்வளவு கிளறினாலும் நீளச் சங்கிலி வராது.

பாலிமெத்தில் மெத்தாக்ரிலேட்டை 400 டிகிரி வாக்கில் சூடாக்கினால் நுனியிலிருந்து ஜிப் திறப்பது போல ஒவ்வொன்றாகக் கழன்று பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் மோனோமராகவே திரும்பக் கிடைக்கும். பாலிஸ்டைரீனில் பாதி அளவு தேறும். பாலிஎத்திலீன் அப்படிக் கழலாது, கண்ட இடத்தில் உடைந்து மெழுகும் எண்ணெயும் வாயுவுமாகக் கலவைதான் வரும், அதில் எத்திலீன் கொஞ்சம்தான். பிவிசியோ (வினைல் குளோரைடின் பாலிமர்) சங்கிலி உடைவதற்கு முன்பே ஹைட்ரஜன் குளோரைடைக் கக்கிவிடும், அதனால் மற்ற பிளாஸ்டிக்குகளைச் சூடாக்கி மீட்கும் ஆலைகளில் முதலில் பிவிசியைப் பொறுக்கி எடுத்துவிடப் பார்ப்பார்கள், கொஞ்சம் கலந்தாலும் அந்த அமில வாயு கருவியை அரித்துவிடும்.